காவிரிக் கரையில பழைய சைக்கிள்ல போகணும்னா: எந்த வண்டியை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

திருச்சில இருந்து கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியா பூம்புகார் வரைக்கும், முடிஞ்ச இடமெல்லாம் மெயின் ரோட்டை விட்டுட்டு ஆத்தங்கரையிலயே, அதுவும் நம்ம தாத்தா காலத்து சைக்கிள்ல போகணும்னு எனக்கு ஒரு கிறுக்கு. முதல் தடவை போனப்ப திருவையாறைத் தாண்டலை, வண்டியை ஒரு குட்டியானையில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ரெண்டாவது தடவை வேற வண்டி, நாலு நாள்ல போய்ச் சேந்தேன். நடுவுல செலவான காசையும் வாங்குன பேச்சையும் நெனச்சாதான் இதை எழுதணும்னு தோணுச்சு. உங்களுக்காவது ஒரே தடவையில முடியட்டும்.

தூரம் சுத்தி வளைச்சு 170 கிலோமீட்டர் பக்கம் வரும். மேடு பள்ளம் கிடையாது, ஆனா கரைப்பாதை முழுக்க லாரித் தடம், கப்பி, மணல், நடுவுல புல்லு, அங்கங்க மதகுக்குப் பக்கத்துல ஒடைஞ்ச கான்கிரீட்டு. தார் ரோட்ல மணிக்கு 12-14 கிலோமீட்டர் போற வண்டி கரையில 8-தான் போகும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

1. வண்டி தேடுறதுக்கு முன்னாடி தேதியை முடிவு பண்ணுங்க

ஐப்பசி கார்த்திகையில போகாதீங்க. மழை மட்டும் பிரச்சினைன்னா நனைஞ்சுக்கிட்டே போயிடலாம், டெல்டா களிமண்ணு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல போய் அடைச்சுக்கும், பத்தடிக்கு ஒரு தடவை குச்சி வச்சு நோண்டணும், கடைசில வீலே சுத்தாது. அதோட ராடு பிரேக் (கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பியால இழுக்குற பிரேக்) வண்டியில இரும்பு ரிம் நனைஞ்சா பிரேக் பிடிக்கிறது ரொம்பக் கம்மி, ஒரு சுத்து ரெண்டு சுத்து ரிம்மைத் துடைச்சப்புறம்தான் பிடிக்க ஆரம்பிக்கும்.

பொங்கலுக்கு அப்புறம் மாசி வரைக்கும் நல்ல நேரம். கரை காஞ்சிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சம்பா அறுவடை நடக்கும், அதனால சில எடத்துல வைக்கோலை ரோட்லயே பரப்பி வச்சிருப்பாங்க, அது மேல ஏத்தாதீங்க, செயின்ல சுத்திக்கும், அவங்ககிட்ட திட்டும் வாங்கணும். இன்னொன்னு, தை மாசத்துல திருவையாத்துல தியாகராஜர் ஆராதனை நடக்குற அஞ்சு நாள் ரூம் கிடைக்குறது குதிரைக்கொம்பு. கும்பகோணத்துல முகூர்த்த நாளும் அப்படித்தான். காலண்டரைப் பாத்துட்டு கெளம்புங்க.

கெளம்புற தேதிக்கு எட்டு வாரம் முன்னாடி வண்டி கையில இருக்கணும். நான் முதல் தடவை பத்து நாள்தான் வச்சுக்கிட்டேன், அதுதான் முதல் தப்பு.

2. எந்த மாதிரி வண்டி

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறது. பித்தளை பேட்ஜைப் பாத்து மயங்காதீங்க. நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: திருக்காட்டுப்பள்ளியில ஒரு மரத்தடி சைக்கிள் கடைக்காரர் இதை அரை மணி நேரத்துல சரி பண்ணுவாரா? ஆமான்னா எடுங்க. இல்லைன்னா அது எவ்வளவு அழகா இருந்தாலும் வீட்டு வராண்டாவுக்குத்தான் லாயக்கு.

அந்தக் கணக்குல நம்ம ஊர்ல செஞ்ச ஹெர்குலஸ், ஹீரோ, அட்லஸ், நம்ம ஊர் பிஎஸ்ஏ இப்படி பெரிய வீல் ரோட்ஸ்டர்தான் சரி. இன்னைக்கும் அதே மாதிரி வண்டி கிராமத்துல ஓடுறதால டயர், டியூப், ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்), பால்ரஸ் (குண்டு), காட்டர் பின் (பெடல் கையான கிராங்கை ஆக்சில்ல பிடிச்சு வைக்கிற ஆப்பு) எல்லாம் கிடைக்குது. முன் வீல்ல 32 கம்பி, பின் வீல்ல 40 கம்பி, அதனால பின்னாடி ஒரு கம்பி ரெண்டு கம்பி போனாக்கூட வண்டி நிக்காது.

இங்கிலாந்து நாட்டிங்காம்ல செஞ்ச ராலே நல்ல வண்டிதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுல பிபி (பெடல் ஆக்சில் சுத்துற எடம்) கப் மரை ஒரு இன்ச்சுக்கு 26, மத்த வண்டிங்கள்ல பொதுவா 24. நம்ம கடையில இருக்குற கப் அதுல ஏறவே ஏறாது, பலவந்தமா ஏத்துனா ஃப்ரேம்ல இருக்குற மரையும் போச்சு. ஏற்கனவே உங்க வீட்ல இருக்கு, அப்பா ஓட்டுனதுன்னா அது வேற விஷயம், பிபியை முழுசா கழட்டி குண்டு, ஆக்சில் எல்லாம் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க. இதுக்காகவே புதுசா தேடி வாங்காதீங்க.

மூணு கியர் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருக்குற வண்டி கிடைச்சா ஆசை வரும். எனக்கும் வந்துச்சு. ஏடபிள்யூ மாடல்ல ஒண்ணாம் கியர் நடு கியரை விட கால்வாசி லேசு, மூணாவது மூணுல ஒரு பங்கு கனம். ஹப் மேலயே வருஷத்தோட கடைசி ரெண்டு நம்பரும் மாசமும் அடிச்சிருக்கும், விக்கிறவர் சொல்ற வயசு நெசமான்னு பாக்க அது ஒரு வழி (ஹப்பை மட்டும் மாத்தியிருக்கலாம், அதையும் யோசிங்க). ஆனா கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் கொஞ்சம் தப்புனா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு செத்த எடம் இருக்கு, பெடல் சும்மா சுத்தும், எழுந்து நின்னு மிதிக்கும்போது அப்படி ஆச்சுன்னா பார்ல மோதி உயிர் போயிடும். வழியில இதைப் பிரிச்சு மாட்ட ஆள் கிடையாது. நீங்களே பிரிப்பீங்கன்னா எடுங்க.

டயர் சைஸ் 28க்கு ஒன்றரை. ரொம்ப முக்கியம்: டயர் ஓரத்துல 40-635ன்னு இருக்கணும். ஆன்லைன்ல 28ன்னு போட்டு 622 டயரை அனுப்பி வைப்பாங்க, அது புது மாடல் வண்டிக்கு, உங்க ரிம்ல ஏறாது. பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் மாதிரி 26க்கு ஒண்ணே முக்கா... இல்ல, ஒண்ணே மூணு அரைக்கால் (1 3/8), அந்த சைஸ் வண்டி தார் ரோட்ல பறக்கும், கரையில ஒவ்வொரு குழியையும் எண்ணி முதுகுல சொல்லும். எனக்கு வேணாம்.

உயரம்: பார் மேல காலைப் போட்டு ரெண்டு காலும் தரையில நல்லா ஊனி நிக்க முடியணும். 24 இன்ச் ஃப்ரேம், அதுலயும் டபுள் பார், பாக்க கம்பீரம், ஆனா அஞ்சரை அடி ஆளு அதை மணல்ல திடீர்னு நிறுத்துனா தெரியும் சேதி. பெரும்பாலானவங்களுக்கு 22 போதும்.

3. எங்க தேடுறது, எவ்வளவு கொடுக்கலாம்

காரைக்குடி பக்கம் பழைய சாமான் கடைகள்ல வண்டி அழகா துடைச்சு வச்சிருப்பாங்க, ஆனா அது ஷோகேஸ் விலை. நான் முதல்ல வாங்குனது ஒரு பழைய பொருள் வியாபாரிகிட்ட, ஊர் பேரெல்லாம் வேணாம், "ஒரிஜினல் சீமை வண்டி, கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா ஓட்டுனது"ன்னு சொல்லி 14,000 ரூபாய் வாங்குனார். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டு துடைச்சா பேட்ஜ் மட்டும் சீமை, அதை புதுசா ரெண்டு ரிவெட் அடிச்சு ஒட்டியிருக்கு. பேட்ஜ் ரிவெட் பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க. நெசமான ராலேயில பெரும்பாலும் பெரிய பல்சக்கரத்துலயே கொக்குத் தலை மாதிரி வெட்டியிருப்பாங்க, அதெல்லாம் ஒட்டி ஏமாத்துறது கஷ்டம்.

ரெண்டாவது வண்டி கிடைச்சது லால்குடி பக்கம் ஒரு கிராமத்துல, ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில. நம்ம ஊர் ஹெர்குலஸ். ஊர்ல இருக்குற வயசான சைக்கிள் மெக்கானிக்கைப் பிடிங்க, ஒரு டீ வாங்கிக் கொடுத்து "யார் வீட்ல ஓடாம கெடக்கு"ன்னு கேளுங்க, அவருக்கு அந்த ஏரியா வண்டி ஜாதகமே தெரியும். 2,800 ரூபாய்க்கு முடிஞ்சது. வாத்தியார் முதல்ல காசே வேணாம்னார், அப்புறம் அவர் மருமக வந்து விலை பேசுனாங்க, அது தனிக்கதை.

4. வாங்குற எடத்துலயே செய்ய வேண்டிய சோதனை

கையில ஒரு சணல் கயிறு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், டார்ச் எடுத்துட்டுப் போங்க. பெயின்ட், பெல், டைனமோ, சீட்டு இதெல்லாம் கடைசில பாத்துக்கலாம். மாத்த முடியாதது ஃப்ரேம் ஒண்ணுதான்.

கயிறு சோதனை: ஹேண்டிலுக்குக் கீழ இருக்குற முன் குழாயில கயிறைச் சுத்தி, ரெண்டு முனையையும் பின்னாடி இழுத்து வீல் ஆக்சில் உக்கார்ற எடத்துல ரெண்டு பக்கமும் கட்டுங்க. நடுவுல சீட்டுக் குழாய்க்கும் கயிறுக்கும் இருக்குற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அரை இன்ச் வித்தியாசம் வந்தா ஃப்ரேம் கோணல், விட்டுட்டு வாங்க.

முன் குழாயில இருந்து கீழ இறங்குற சாய்வுக் குழாயோட அடிப்பக்கத்துல விரலை ஓட்டிப் பாருங்க. சின்ன அலை மாதிரி தட்டுப்பட்டா, பெயின்ட் குறுக்கால வெடிச்சிருந்தா, எப்பவோ எதுலயோ நேரா மோதுன வண்டி. இதை கண்ணால பாத்தா தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

அப்புறம் சீட்டுக் கம்பியும் ஹேண்டில் கம்பியும் அசையுதான்னு பாருங்க. துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டா உங்க உயரத்துக்கு மாத்தவே முடியாது. விக்கிறவர் "ரெண்டு நாள் எண்ணெய் போட்டா வந்துடும்"பார், எனக்கு மூணு வாரம் டீசல் ஊத்தி வரலை.

ரிம்முக்கு வருவோம். டயரைக் கழட்டி உள் பக்கம் பாக்கணும், வெளில நிக்கல் மின்னும், உள்ள தண்ணி நின்னு அரிச்சிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால கம்பி ஓட்டை பக்கத்துல குத்துங்க, பொரை மாதிரி உதிர்ந்தா ரிம் காலி. இங்க ஒரு கண்ணி இருக்கு: ராடு பிரேக் கட்டை ரிம்மோட உள்பக்கத்துல, கம்பி இருக்குற பக்கமா, மேல இழுத்துப் பிடிக்கும். கேபிள் பிரேக் ரிம்மோட பக்கவாட்டுல பிடிக்கும். ரெண்டு ரிம்மும் வடிவமே வேற, அதனால மாத்தும்போது எதாவது ஒரு 28 ரிம்னு வாங்கி வந்துடாதீங்க.

கடைசியா ஒரு கிலோமீட்டராவது ஓட்டுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் காலுக்குக் கீழ "டொக்"னு ஒரு சத்தம் வந்தா காட்டர் பின். அது சின்னச் செலவு, ஆனா வெல கொறைக்க நல்ல சாக்கு.

5. பேப்பர் வேலை

சைக்கிளுக்கு ஆர்சி புக்கு கிடையாது, அதனால யாரும் எதுவும் எழுதி வாங்குறதில்லை. நீங்க வாங்குங்க. ஒரு வெள்ளைத் தாள்ல தேதி, விலை, வண்டி பேரு, ஃப்ரேம் நம்பர், விக்கிறவர் பேரு, கையெழுத்து, போன் நம்பர். ஃப்ரேம் நம்பர் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழ குழாய்ங்க சேர்ற மூட்டுல (லக்) இல்லைன்னா பிபிக்கு அடியில அடிச்சிருக்கும், பெயின்ட்டைச் சுரண்டுனா தெரியும். அதை சுரண்டியே எடுத்திருந்தா திருட்டு வண்டியா இருக்கலாம், பேசாம திரும்பிடுங்க. விக்கிறவரோட வண்டியை நிக்க வச்சு ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. இது எதுக்குன்னா, வழியில ராத்திரி ஏதாவது ஊர்ல நிறுத்தி யாராவது "இது யார் வண்டி"ன்னு கேட்டா காட்டலாம், திரும்பி வரும்போது ரயில் பார்சல் ஆபீஸ்லயும் உதவும். ஆதார் ஜெராக்ஸ் நாலு எடுத்துக்கோங்க, லாட்ஜுக்கு ரெண்டு போயிடும்.

6. ஓவராயில்: இதுல கஞ்சத்தனம் கூடாது

எங்க ஊர் மெக்கானிக் ஓவராயில்னுதான் சொல்வார், ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். வண்டியை மொத்தமா பிரிச்சு, மண்ணெண்ணெயில கழுவி, குண்டு எல்லாம் புதுசு போட்டு, கிரீஸ் வச்சு மாட்டுறது. பழைய குண்டைத் திரும்பப் போட விடாதீங்க, பக்கத்துல உக்காந்து பாருங்க. பிபிக்கும் பின் வீலுக்கும் கால் இன்ச் குண்டு, முன் வீலுக்கு அதை விடச் சின்னது.

காட்டர் பின்தான் என்னை திருவையாத்துல கவுத்தது. 9 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர்னு ரெண்டு சைஸ் இருக்கு. என் வண்டிக்கு 9.5 வேணும், அவசரத்துல 9 போட்டு நட்டை இறுக்கிட்டோம், அது ஆடி ஆடி கிராங்க் ஓட்டையையே முட்டை வடிவமா ஆக்கிடுச்சு. அப்புறம் எந்தப் பின் போட்டாலும் நிக்கலை. சரியான சைஸை அடிச்சு உக்கார வச்சு, அப்புறம் நட்டை இறுக்கணும், 20-30 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி அடிச்சு இறுக்கணும். நட்டை மட்டும் இறுக்கி பின்னை இழுக்கப் பாக்கக் கூடாது, மரை போயிடும்.

அடுத்தது ஃப்ரீவீல். மேடே இல்லாத ஊருக்கு எதுக்கு மாத்தணும்னு கேப்பீங்க. கும்பகோணம் தாண்டுனா மத்தியானத்துக்கு மேல கடல்காத்து எதிர்ல அடிக்கும், அதுதான் அந்த ஊர் மலை. முன்னாடி 44 பல்லு, பின்னாடி 18 பல்லு இருக்குற வண்டி பெடல் ஒரு முழுச் சுத்துக்கு சுமார் 5.4 மீட்டர் போகும், 22 பல்லு போட்டா 4.4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. மணல்லயும் காத்துலயும் அந்த ஒரு மீட்டர்தான் உங்க முட்டியைக் காப்பாத்தும். செயின்ல ரெண்டு கண்ணி சேக்க வேண்டி வரும், மெக்கானிக்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

தோல் சீட்டா இருந்தா தேங்காயெண்ணெயை ஊத்தி ஊற வைக்காதீங்க, எல்லாரும் சொல்ற யோசனை அது, தோல் தொளதொளன்னு ஆகி நடுவுல குழி விழுந்துடும். லேசா ஒரு துணியில தொட்டுத் தடவுனா போதும், முன்னாடி இருக்குற நட்டை கால் சுத்து மட்டும் இறுக்கிப் பாருங்க.

ஃபுல் செயின் கவர் இருந்தா கழட்டிட்டு பாதி கவர் போடலாம். அழகு போயிடும், எனக்கும் மனசு வரலை, ஆனா கப்பிக்கல் உள்ள போய் மாட்டிக்கிட்டு கடகடன்னு அடிச்சா அப்ப தெரியும்.

எனக்கு ஆன செலவு, உங்களுக்கு ஒரு அளவு தெரியட்டும்னு: வண்டி 2,800, டயர் ரெண்டு 900, டியூப் 320, பின் வீல் கம்பி மொத்தமும் மாத்தி கோட்டம் எடுக்க (வீல் நெளிசலை நேராக்க) 600, பிபி செட் 250, ஃப்ரீவீல் 180, செயின் 200, காட்டர் பின் உதிரியோட 60, பிரேக் கட்டை 100, சீட்டு தச்சது 450, கூலி 700. மொத்தம் 6,560. முதல் வண்டியோட விலையில பாதி கூட இல்லை. மெக்கானிக் ரெண்டு நாள்னு சொல்வார், ஒரு வாரம்னு வச்சுக்கோங்க.

7. ஒத்திகை

நாலு வாரம் முன்னாடி 15 கிலோமீட்டர், அடுத்த வாரம் 30, அப்புறம் மூட்டையோட 40. புதுக் கம்பி போட்ட வீல் முதல் 50 கிலோமீட்டர்ல கொஞ்சம் தளரும், மறுபடி கோட்டம் எடுக்கணும், இதை கெளம்புறதுக்கு முந்தின நாள் கண்டுபிடிக்காதீங்க. ஒத்திகையை கல்லணை ரோட்டுலயே வைங்க, கரைப்பாதைன்னா என்னன்னு உடம்புக்குத் தெரியும்.

காத்து ரொம்ப இறுக்கமா அடிக்காதீங்க. கட்டைவிரலால டயரை அமுக்குனா முன்னாடி கொஞ்சம் உள்ள போகணும், பின்னாடி அதை விடக் கம்மியா போகணும்.

8. கையோட எடுத்துட்டுப் போக வேண்டியது

டியூப் ஒண்ணு, ஒட்டுப்போட ரப்பரும் சொல்யூஷனும், வால்டியூப் ஒரு முழம் (வால்வு மேல மாட்டுற ரப்பர் குழாய், ரெண்டு ரூபாய் சாமான், இது பிஞ்சா காத்து நிக்காது, எல்லாரும் மறக்குறது இதைத்தான்), காட்டர் பின் ரெண்டு, கம்பி முன்னாடிக்கு ரெண்டு பின்னாடிக்கு நாலு, செயின் லாக், சின்ன சுத்தி, கை பம்பு. வாங்கும்போது போட்டுப் பாத்த அதே ஸ்பேனர்.

பஞ்சர் ஆனா பின் வீலைக் கழட்டாதீங்க. வண்டியைச் சாச்சு, டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளில இழுத்து அப்படியே ஒட்டிடலாம். கழட்டுனா செயின், ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பின்னு எல்லாம் ஒரே நட்டுல வரும், மாட்ட ஒரு மணி நேரம். கரையில சீமைக்கருவேல முள்ளு கெடக்கும், எனக்கு நாலு நாள்ல மூணு பஞ்சர்.

மூட்டை பத்து கிலோவுக்கு மேல வேணாம், வண்டியே இருபது கிலோ பக்கம் இருக்கு. முதுகுல எதுவும் மாட்டாதீங்க, எல்லாம் கேரியர்ல, பழைய டியூபை வெட்டிக் கட்டுனா கயிறை விட நல்லா பிடிக்கும்.

9. நாலு நாள் எப்படிப் பிரிக்கிறது

முதல் நாள் திருச்சி டூ திருவையாறு, ரெண்டாம் நாள் கும்பகோணம், மூணாம் நாள் மயிலாடுதுறை, நாலாம் நாள் மூட்டையை லாட்ஜ்ல வச்சுட்டு காலி வண்டியோட பூம்புகார் போயிட்டுத் திரும்புறது. விடியக்காலை அஞ்சரைக்கு ஏறி பதினொண்ணுக்கு நிறுத்திடுங்க. எங்கயாவது கரை பாதியில முடிஞ்சு போகும், மதகுப் பக்கம் லஸ்கர் (மதகைத் திறந்து மூடுற அரசாங்க ஆள்) இருந்தா அவர்கிட்ட கேளுங்க, எந்தக் கரையில எதுவரைக்கும் வண்டி போகும்னு மேப்பை விட அவருக்கு நல்லா தெரியும். என்னை ரெண்டு தடவை திருப்பி விட்டு காப்பாத்துனது அவங்கதான்.

10. திரும்பி வர

மயிலாடுதுறை ஜங்ஷன்ல வண்டியை பார்சல்ல போட்டுட்டு நீங்க டிக்கெட் எடுத்து வரலாம். முந்தின நாள் சாயங்காலமே பார்சல் ஆபீஸ்ல போய் எந்த ரயில்ல ஏத்துவாங்கன்னு கேட்டுடுங்க, எல்லா ரயில்லயும் ஏத்த மாட்டாங்க, நீங்க போற ரயில்லயே வண்டியும் வரும்னு நம்பி உக்காராதீங்க. ஃபாரம் எழுதிக் கொடுக்கணும், ஆதார் ஜெராக்ஸும் அந்த வெள்ளைத் தாளும் கையில இருக்கட்டும். அட்டையில உங்க பேரு, போன் நம்பர், ஏத்துற ஸ்டேஷன், எறக்குற ஸ்டேஷன் பெருசா எழுதி ரெண்டு எடத்துல கட்டுங்க, ஒண்ணு பிஞ்சாலும் ஒண்ணு இருக்கும். பம்பு, பெல், டைனமோ லைட்டு கழட்டி பையில போட்டுக்கோங்க. எனக்கு 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல ஆச்சு, சாக்கு சுத்திக் கொடுத்த ஆளுக்கு 100. ரசீதைத் தொலைச்சுடாதீங்க, வந்து சேந்த வண்டியை எடுக்க லேட் பண்ணா தனியா வாடகை போடுவாங்க.

வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போகாம வண்டி மேல ரெண்டு குடம் நல்ல தண்ணி ஊத்திடுங்க, பூம்புகார் உப்பு ரிம்முல ஒரு ராத்திரி இருந்தா போதும், காலையில காவி பூத்திருக்கும்.